இச்சிப் போத்து வேர் பிடித்தது, அடிதான் பருக்கவில்லை: குட்டி போன்சாய்க்கு வழி சொல்லுங்கள்

மாடிநிழல் (திருச்சி):

வணக்கம். நர்சரிகளில் பைகஸ் என்று விற்கும் நம்மூர் இச்சி, அதாவது பைகஸ் மைக்ரோகார்பா. போன ஆடியில் 6 போத்து (வேர் விட நடும் கிளைத்துண்டு) வைத்ததில் 3 வேர் பிடித்தன, 3 அடி கறுத்து அழுகின. பிழைத்ததில் நல்லதாக ஒன்றை இரண்டு மாதம் கழித்து பீங்கான் போன்சாய் தட்டுக்கு மாற்றினேன். தட்டு 10 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழம். மண் கலவை செம்மண், மணல், மண்புழு உரம் மூன்றும் சம அளவு.

இப்போது மாசி. செடி உயிரோடு இருக்கிறது, பச்சையாக இருக்கிறது, ஆனால் அடி அன்றைக்கு இருந்த பென்சில் கனத்திலேயே நிற்கிறது. உயரம் 12 செ.மீ., இலை ஒவ்வொன்றும் 6 செ.மீ. பார்த்தால் மரம் போலவே இல்லை. முடிவில் எனக்கு வேண்டியது தொட்டி நீங்கலாக 15 செ.மீ. உயரத்தில் ஒரு முதிர்ந்த மரத்தின் தோற்றம்.

கேட்க வேண்டியவை: அடி பருக்க என்ன செய்வது? புதிதாக 5 போத்து வைக்கப் போகிறேன், அழுகாமல் இருக்க என்ன மாற்ற வேண்டும்? இலை எப்படிச் சிறுக்கும்? கீழ்க்கிளையில் கம்பி சுற்றியிருக்கிறேன், எத்தனை நாள் வைக்கலாம்?

கல்லிச்சி:

தட்டுதான் காரணம். போன்சாய் தட்டு மரத்தை வளர்ப்பதற்கானது அல்ல, வளர்ந்து முடிந்த மரத்தை அதே அளவில் வைத்திருப்பதற்கானது. அடி பருப்பது இலைகள் செய்து அனுப்பும் உணவால். இலை பெருக நுனி தடையில்லாமல் ஓட வேண்டும், நுனி ஓட வேருக்கு இடம் வேண்டும். பென்சில் கனத்துச் செடியை 4 செ.மீ. ஆழத்தில் உட்கார வைத்து நுனியையும் கிள்ளிக்கொண்டிருந்தால் பத்து வருடம் கழித்தும் அது பெரிய மாற்றம் இல்லாமல்தான் இருக்கும்.

இப்போதே தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மாசி பங்குனி அதற்கு நல்ல பருவம், சித்திரை வெயிலுக்கு முன் வேர் ஊன்றிக்கொள்ளும். பூந்தொட்டியை விட, காய்கறி கழுவி வடிக்கும் பிளாஸ்டிக் கூடை நல்லது. 25 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம் போதும். வேர் கூடையின் துளையை எட்டியதும் காற்றுப் பட்டு நுனி காய்ந்து, உள்ளே பக்க வேர்களாகப் பிரியும். தொட்டியில் நடப்பது போல ஒரே வேர் சுவரோரம் வளையம் வளையமாகச் சுற்றாது. பின்னால் தட்டுக்கு மாற்றும்போது இதன் அருமை தெரியும்.

அளவுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: மரத்தின் உயரம் அடியின் கனத்தைப் போல ஆறு மடங்கு இருந்தால் கண்ணுக்குப் பெரிய மரமாகத் தெரியும். 15 செ.மீ. மரத்துக்கு அடி 2.5 செ.மீ. வேண்டும். உங்களிடம் இருப்பது 7 மி.மீ. நல்ல வெயிலில், கூடையில், உரத்தோடு விட்டால் இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதுவரை நுனியைத் தொடாதீர்கள். ஒரு மீட்டர் உயரம் போனாலும் போகட்டும்.

அடி 2.5 செ.மீ. வந்த பிறகு தலைவெட்டு. இறுதி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில், அதாவது மண்ணிலிருந்து 5 செ.மீ.யில் வெட்டுங்கள். இச்சி ஆரோக்கியமாக இருந்தால் வெறும் கட்டையிலிருந்தும் துளிர்க்கும். வரும் துளிர்களில் வெட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பதைப் புதுத் தலையாக விட்டு, அது அடியில் மூன்றில் இரண்டு பங்கு கனம் வந்ததும் அதையும் 3 செ.மீ. விட்டு வெட்டுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை வெட்டினால்தான் அடி பருத்து மேலே போகப் போக ஒடுங்கும். ஒரே கனத்தில் நிற்கிற தண்டை எப்படி வளைத்தாலும் அது குச்சிதான்.

வேர்க்கால்:

மேலே சொன்னது முழுக்கச் சரி. ஆனால் புது போத்துகளைப் பற்றிப் பேசும்போது இதையும் யோசியுங்கள்: பென்சில் கனத்தில் ஏன் வெட்ட வேண்டும்? இச்சி கட்டை விரல் கனக் கிளையிலேயே வேர் விடும். 2 முதல் 3 செ.மீ. கனமுள்ள கிளையை எடுத்தால் மூன்று ஆண்டு வேலை முதல் நாளே முடிந்துவிடுகிறது.

கிளையைத் தேர்ந்தெடுக்கும்போதே மரத்தைப் பார்க்க வேண்டும். நேராக நிற்கும் நீர்க்குருத்து வேண்டாம். ஒரு வளைவு, அந்த வளைவின் வெளிப்புறத்தில் ஒரு சிறு கிளை, அடியிலிருந்து நுனிக்கு ஒடுக்கம், இவை உள்ள 12 முதல் 15 செ.மீ. துண்டைத் தேடுங்கள். கிளை பிரியும் இடத்துக்குக் கீழே பெரும்பாலும் சற்றுப் புடைப்பு இருக்கும். அது அடியாக அமைந்தால் வேர்ப் பரப்பு அழகாக வரும்.

அடுத்தது வெட்டு. தோட்ட வேலையில் போத்தைச் சாய்வாக வெட்டு என்பார்கள். போன்சாய்க்கு அது ஆகாது. சாய்த்து வெட்டினால் வேர் பெரும்பாலும் கீழ் முனைப் பக்கமாகவே கிளம்பி, ஒரு பக்கம் வேரும் மறுபக்கம் வெறுமையுமாக நிற்கும். கணுவுக்குச் சற்றுக் கீழே, தட்டையாக, கூரான கத்தியால் வெட்டுங்கள். சுற்றிலும் வேர் பரவுவதை ஜப்பானியர் நெபாரி என்பார்கள், குட்டி மரத்துக்குப் பாதி வயது அதில்தான் தெரியும். அது இந்த ஒரு வெட்டில் தொடங்குகிறது.

வெட்டியதும் பால் வடியும். போத்தின் அடியைத் தண்ணீரில் பத்து நிமிடம் நிற்க வைத்துக் கழுவி, நிழலில் அரை மணி நேரம் ஆற விடுங்கள். வேர் விடத் தூண்டும் வேர்த்தூள் இருந்தால் ஈர முனையில் லேசாகத் தொட்டு மிச்சத்தைத் தட்டி உதிருங்கள், இல்லாவிட்டாலும் இச்சி வேர் விடும். மேலே 3, 4 இலை போதும், அவற்றையும் பாதியாக வெட்டிவிடுங்கள். வேரில்லாத துண்டு முழு இலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது.

இனி உங்கள் மூன்று ஏன் அழுகின என்பது. கலவையைப் பார்த்தாலே தெரிகிறது. செம்மண்ணும் மண்புழு உரமும் சேர்ந்தால் சேறு போல அடைத்துக்கொள்ளும், வெட்டு முனைக்குக் காற்று போகாது. போத்து வைக்கிற மண்ணில் சத்து தேவையே இல்லை. கழுவிய பெருமணல் அல்லது பெர்லைட் (நர்சரியில் கிடைக்கும் எடை குறைந்த வெள்ளைத் துகள்) இரண்டு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. கையில் பிடித்து அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் நீர் வரக் கூடாது.

கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டம்ளரில் அடியில் துளையிட்டு நட்டு, அதை இன்னொரு நிறமுள்ள டம்ளருக்குள் இறக்கி வையுங்கள். வெளி டம்ளரைக் கழற்றிப் பார்த்தால் வேர் தெரியும், செடியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதில்லை. 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி மேலே கவிழ்த்து மூடியைத் திறந்து விடுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடவே கூடாது. பாட்டிலுக்குள் வெயில் விழுந்தால் அரை நாளில் வெந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. மூன்றாவது வாரம் புதுத்துளிர் வந்ததும் பலர் பாட்டிலை எடுத்துவிடுகிறார்கள். கட்டையில் சேர்ந்திருக்கும் உணவிலேயே துளிர் வரும், வேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டம்ளர் சுவரில் வேர் தெரிந்த பிறகு, பாட்டிலைத் தினமும் சிறிது நேரம் தூக்கி வைத்து ஒரு வாரத்தில் பழக்குங்கள். மெல்லிய போத்துக்கு 4 முதல் 6 வாரம், கட்டை விரல் கனத்துக்கு 8 வாரம் வரை.

பருவம்: மாசி பங்குனி, இல்லாவிட்டால் ஆடி ஆவணி. ஆடியில் வைத்தால் காற்று உலர்த்திவிடும், பாட்டில் இல்லாமல் வேண்டாம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வைத்தால் அழுகலும் பூஞ்சையும்தான் முந்தும்.

மாடிநிழல்:

இருவருக்கும் நன்றி. சாய்வு வெட்டு விஷயம் எங்கேயும் படித்ததில்லை. கூடைக்கு மாற்றும்போது என்ன மண் போடுவது? எம்-சாண்ட் தாராளமாக இருக்கிறது, ஆற்று மணல் கிடைப்பது கஷ்டம். மெல்லிய போத்துகள் இன்னும் இரண்டு இருக்கின்றன, அவற்றைத் தூக்கி எறியவும் மனமில்லை.

செங்கல்துகள்:

எம்-சாண்ட் வேண்டாங்க. அதுல கல்தூள் நிறைய இருக்கும், தண்ணி ஊத்த ஊத்த அடியில இறங்கி துளையை அடைச்சிடும். கண்டிப்பா அதுதான் போடணும்னா மாவு சல்லடையில சலிச்சு, மேல நிக்கிறதை மட்டும் மூணு நாலு தண்ணி கழுவி எடுங்க.

மணலே இல்லாம சமாளிக்கலாம். பழைய செங்கல், நல்லா வெந்ததா பார்த்து, சுத்தியலால உடைங்க. 5 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில கீழ விழுந்ததை எடுத்து, அதையே மாவு சல்லடையில போட்டு தூளை எல்லாம் கழிங்க. மிஞ்சுற துகள்தான் வேணும். அது தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கும், துகளுக்கு நடுவுல காத்தும் போகும். வேகாத செங்கல்னா ஒரே மழையில சேறாயிடும், ஒரு துண்டை ராத்திரி ஊற வெச்சு காலையில விரலால நசுக்கிப் பாருங்க.

கூடைக்கு: செங்கல் துகள் 5 பங்கு, மக்கின இலை உரம் சலிச்சது 3 பங்கு, நார்த்தூள் 2 பங்கு. பின்னாடி தட்டுக்குப் போகும்போது இலை உரத்தை 2 பங்கா குறைச்சு துகளைக் கூட்டிக்கோங்க, துகளும் 1 முதல் 3 மி.மீ. அளவுல பொடியா இருக்கட்டும். செம்மண் நிலத்துல நல்ல மண்ணுதான், ஆனா 4 செ.மீ. தட்டுல அது ஓடு மாதிரி இறுகிடும். மேல ஊத்துற தண்ணி ஓரமா வழிஞ்சு போயிடும், நடு வேர் காஞ்சே கிடக்கும். உங்க தட்டை இப்ப ஒரு வாளி தண்ணியில முக்கிப் பாருங்க. ரொம்ப நேரம் குமிழி வந்துக்கிட்டே இருந்தா, உள்ள அவ்வளவு நாளும் தண்ணி போகலைன்னு அர்த்தம்.

கூடையில நடும்போது இன்னொண்ணு. செடிக்கு அடியில 2 செ.மீ. மண்ணுக்குக் கீழ ஒரு தரை ஓடு துண்டு, 10 செ.மீ. சதுரமா வைங்க. நேரா கீழ இறங்குற வேரை வெட்டிட்டு, மத்ததை ஆரக்கால் மாதிரி சுத்தி விரிச்சு நடுங்க. ஓடு தடுக்கிறதால வேர் பக்கவாட்டுலதான் ஓடும். செடி ஆடாம இருக்க கூடையோட சேர்த்துக் கம்பியால கட்டிடுங்க. ஆடுற செடியில புது வேர் நுனி அறுந்துக்கிட்டே இருக்கும்.

உரம்: பருக்க விடுற காலத்துல கஞ்சத்தனம் வேண்டாம். கடலைப் புண்ணாக்கு 100 கிராம், 1 லிட்டர் தண்ணியில நாலு நாள் ஊற வெச்சு, தெளிவை பத்து மடங்கு தண்ணி சேர்த்து பத்து நாளைக்கு ஒரு தடவை. புண்ணாக்கு வாசம் ஒத்துக்காதுன்னா தண்ணியில கரையுற 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒரு தடவை. மண் மாத்தின முதல் மாசம் எதுவும் வேண்டாம்.

மெல்லிசு போத்துகளை எறியாதீங்க! இச்சி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வளர்ற மரம். பென்சில் கனத்துல நாலஞ்சு வேர் பிடிச்ச செடிங்களை நெருக்கிச் சேர்த்து, ஒட்டுக் கட்டுற பிளாஸ்டிக் நாடாவால அடியில இருந்து 5 செ.மீ. வரைக்கும் இறுக்கிக் கட்டி ஒரே கூடையில வைங்க. பருக்கப் பருக்க பட்டை ஒட்டி ஒரே அடியா ஆகிடும். நாடா தசையில புதையுதான்னு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அவிழ்த்துக் கட்டுங்க. எல்லாம் ஒரே தாய் மரத்துப் போத்தா இருக்கணும், இல்லேன்னா இலையும் பட்டை நிறமும் வேற வேறயா காட்டிக் கொடுத்துடும்.

கல்லிச்சி:

ஒட்டுக் கட்டும் யோசனை நல்லது. கூடவே ஒன்று: ஒற்றைச் செடியை வளர்க்கும்போது எல்லாக் கிளையையும் ஓட விட வேண்டும் என்பதில்லை. அடியோரம், மரத்தின் பின்பக்கமாக ஒரே ஒரு கிளையை 60, 90 செ.மீ. நீள விட்டு, மேலே உள்ளவற்றை மட்டும் வெட்டி உருவாக்கலாம். அந்தக் கிளை அடியைப் பருக்க வைக்கும், மேலே கொப்பும் கிளையும் அமையும். வேலை முடிந்ததும் அதை வெட்டி எறியப் போகிறோம். பின்பக்கம் என்று சொன்னது அதனால்தான், தழும்பு முன்னால் தெரியாது. வெட்டிய இடத்தைச் சற்றுக் குழிவாகச் செதுக்கிவிட்டால் பட்டை மூடும்போது புடைக்காமல் சமமாக மூடும்.

வேர்க்கால்:

கம்பியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. என்ன கம்பி சுற்றியிருக்கிறீர்கள்? கட்டட வேலையின் கட்டுக்கம்பி என்றால் இன்றே எடுத்துவிடுங்கள். அது விறைப்பு, துருவும் பிடிக்கும். அலுமினியக் கம்பி 1, 1.5, 2, 2.5 மி.மீ. என நான்கு அளவு இருந்தால் குட்டி மரத்துக்குப் போதும். வளைக்கப் போகும் கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கம்பி.

ஒரே கம்பியால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கிளைகளைக் கட்டுங்கள், நடுத்தண்டில் ஒரு சுற்றாவது விழ வேண்டும். அப்போதுதான் பிடிமானம். 45 பாகைச் சாய்வில், இடைவெளி சீராக, தோலைத் தொட்டும் தொடாமலும். நெருக்கிச் சுற்றினால் பலம் வராது, இழுத்துச் சுற்றினால் பால் வரும். வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி வரும்படி பாருங்கள், கிளை கிழிவது அந்தப் பக்கத்தில்தான். கம்பி கட்டும் நாளில் காலைத் தண்ணீரைத் தள்ளிப் போட்டால் கிளை கொஞ்சம் தளர்ந்து வளையும்.

எத்தனை நாள் என்றால், நாளை எண்ணாதீர்கள், கம்பியைப் பாருங்கள். வளரும் பருவத்தில் இச்சி 4 முதல் 6 வாரத்திலேயே கம்பியை விழுங்கத் தொடங்கும். பத்து நாளைக்கு ஒரு முறை பார்த்து, தோலில் லேசாகப் பள்ளம் விழுந்தால் எடுத்துவிடுங்கள். கிளை பழைய இடத்துக்குத் திரும்பினால் வேறு தடத்தில் மறுபடி சுற்றலாம். எடுக்கும்போது அவிழ்க்க வேண்டாம், சுற்றுக்குச் சுற்று வெட்டி எடுங்கள். 15 செ.மீ. மரத்தில் திருகு போன்ற கம்பித் தழும்பு விழுந்தால் அது மறையப் பல ஆண்டு ஆகும்.

முதல் வளைவைக் கொடுத்துவிட்டு மற்றதை வெட்டி வெட்டியே திசை மாற்றுவது இந்த அளவு மரத்துக்கு நல்லது. எந்தப் பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே வெட்டுகிறோமோ அந்தப் பக்கம்தான் துளிர் போகும்.

இலையடி:

இலை பற்றி மட்டும் எழுதுகிறேன், அதில்தான் செடிகள் அதிகம் சாகின்றன.

இலையைச் சிறுக்க வைப்பது கடைசி வேலை. அடி பருக்கும் காலத்தில் பெரிய இலைதான் உங்கள் மூலதனம், 6 செ.மீ. இலையைப் பார்த்து வருந்த வேண்டாம். மரம் உருவாகித் தட்டுக்கு வந்த பிறகு, துளிர் 6 இலை விடும் வரை பொறுத்து 2 இலைக்கு வெட்டுங்கள். முழு வெயிலில் இதைத் தொடர்ந்து செய்தால் கணுவிடை நெருங்கி இலையும் சிறுக்கும். நிழலில் வைத்து எத்தனை முறை வெட்டினாலும் சிறுக்காது.

முழு இலை உதிர்ப்பு, அதாவது காம்பை விட்டுவிட்டு எல்லா இலையையும் வெட்டுவது, நல்ல திடமான மரத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை. இரண்டு முதல் நான்கு வாரத்தில் புது இலை சிறியதாக வரும். மண் மாற்றிய பருவத்தில் இதைச் செய்யாதீர்கள். வேரும் இல்லை, இலையும் இல்லை என்றால் மரம் எதை வைத்து எழும்?

15 செ.மீ.க்கும் சிறிதாக, உள்ளங்கையில் அடங்கும் மரம் வேண்டுமானால் வகையை மாற்றுங்கள். லாங் ஐலண்ட் என்று நர்சரியில் கிடைக்கும் பைகஸுக்கு இலை இயல்பிலேயே சிறிது, போத்திலும் எளிதாக வரும். ஜின்செங் பைகஸ் போலக் கிழங்கு மாதிரி அடி வேண்டும் என்று நினைத்திருந்தால், அது போத்தில் வராது. அது விதை நாற்றில் வேர் பருத்து வருவது.

பூச்சியில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். இளம் இலை நடு நரம்போடு புத்தகம் போல மடிந்து ஒட்டிக்கொண்டால், உள்ளே கறுப்பாகச் சிறு இலைப்பேன் இருக்கும். மேலே தெளிக்கும் மருந்து மடிப்புக்குள் போகாது. மடிந்த இலையை எல்லாம் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டு அழியுங்கள். அதன் பிறகு வேப்பெண்ணெய் 5 மி.லி., சில சொட்டு திரவ சோப்பு, 1 லிட்டர் தண்ணீர் கலந்து மாலையில், வாரம் ஒன்றாக மூன்று முறை.

சித்திரை வைகாசியில் மாடித் தரையில் தொட்டியை வைக்காதீர்கள், காங்கிரீட் சூடு நேராக வேருக்குப் போகும். மேசையோ செங்கல் அடுக்கோ வேண்டும், நண்பகலுக்கு 50 சதவீத நிழல்வலை. பின்னால் தட்டுக்கு மாற்றிய மரத்தை, ஈர மணல் நிரப்பிய அகலத் தட்டில் 1 செ.மீ. புதைத்து வைத்தால் காலை ஊற்றிய நீர் மாலை வரை தாங்கும். வேர் கீழ்த் துளை வழியாக மணலுக்குள் இறங்கினால் அவ்வப்போது வெட்டிவிடுங்கள்.

மாடிநிழல்:

கம்பி கட்டுக்கம்பிதான், எடுத்துவிட்டேன். லேசான தடம் இருக்கிறது, தோல் கிழியவில்லை. தட்டை முக்கிப் பார்த்ததில் நாலைந்து நிமிடம் குமிழி வந்தது. இந்த வாரம் கூடைக்கு மாற்றுகிறேன். மண் மாற்றும்போதே உயரத்தையும் 5 செ.மீ.க்கு வெட்டிவிட்டால் ஒரே வேலையாக முடியுமா?

கல்லிச்சி:

வேண்டாம். இப்போது வெட்டினால் பருக்க வைக்க இருக்கிற கொஞ்ச இலையும் போய்விடும், தலைவெட்டு 2.5 செ.மீ. வந்த பிறகுதான். மாற்றும்போது வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காதீர்கள், இறுகிய செம்மண்ணைத் தண்ணீரில் ஊற வைத்து மூங்கில் குச்சியால் மெதுவாகக் கோதி எடுங்கள். இரண்டு வாரம் காலை வெயில் மட்டும், பிறகு முழு வெயில். தடம் விழுந்த அந்தக் கீழ்க்கிளை எந்தப் பக்கம் இருக்கிறது? பின்பக்கம் என்றால் அதையே நீள விடுங்கள். தழும்பும் அதோடு போய்விடும்.